அமெரிக்க அறக்கட்டளைகளும் இனக் கொள்கையும்: பணம் கொடுப்பவர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறாரா?

குளத்தங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அட்லாண்டா பக்கம் ஒரு சின்னத் தன்னார்வ அமைப்பில் ஆறு வருடமாக இருக்கிறேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்து ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறோம். பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அறக்கட்டளைகளிடம் நிதியுதவி கேட்கும் கிராண்ட் விண்ணப்பம் எழுதும் வேலை என் தலையில்.

2021இல் ஒரு அறக்கட்டளையின் படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க இன விவரக் கட்டங்கள் இருந்தன. போர்டில் எத்தனை கறுப்பினத்தவர், ஊழியர்களில் எத்தனை பேர், சம்பளம் வாங்குபவர்கள் யார், வாங்காதவர்கள் யார் என்று எல்லாம் கேட்டார்கள். 'இன நீதி' பற்றி நாங்கள் எழுதியது போதவில்லை என்று ஒரு முறை திருப்பியும் அனுப்பினார்கள். சரி, நல்ல விஷயம்தானே என்று உட்கார்ந்து எழுதினோம். இந்த வருடம் அதே இடத்திலிருந்து போன். அந்தப் பக்கம் முழுக்கப் படிவத்தில் இல்லை. எங்கள் விண்ணப்பத்தில் 'கறுப்பினக் குழந்தைகள்' என்று இருக்கும் மூன்று இடங்களையும் 'வாய்ப்புக் குறைந்த குழந்தைகள்' என்று மாற்றித் தரச் சொல்கிறார்கள். பேசிய பெண்மணி நல்லவர், அவர் குரலிலேயே சங்கடம் தெரிந்தது. ஆனால் நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. 2021இல் அந்தச் சொல்லை எழுதச் சொன்னதும் நீங்கள், இப்போது எடுக்கச் சொல்வதும் நீங்கள். நடுவில் எங்கள் பிள்ளைகளிடமோ அவர்களுடைய அம்மாக்களிடமோ யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இது புதுசா, இல்லை எப்போதும் இப்படித்தான் நடந்திருக்கிறதா? வரலாறு தெரிந்தவர்கள் எழுதுங்கள். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர்கள் பணம், அவர்கள் நிபந்தனை. பிடிக்காவிட்டால் விண்ணப்பிக்காமல் இருக்கலாம். அப்புறம் அவர்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் மாணவர் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரி 21 அன்று வந்த அதிபர் ஆணை அறக்கட்டளைகளையே நேராகக் குறிப்பிடுகிறது. 50 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவை விசாரணைப் பட்டியலில் வரலாம் என்று எழுதியே இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

உங்கள் ஊரிலேயே ஃபியர்லெஸ் ஃபண்ட் கதை தெரியுமே. கறுப்பினப் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் இது இனப் பாகுபாடு என்று வழக்கு, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தடை, செப்டம்பரில் சமரசம் செய்துகொண்டு அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

---

குளத்தங்கரை

தெரியும் தம்பி. வழக்குப் போட்டவர்கள் பிடித்துக்கொண்ட சட்டம் எது என்பதும் தெரியும். அடிமைத்தளை அறுந்த கையோடு, விடுதலையான மக்களுக்கும் வெள்ளையரைப் போல ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை உண்டு என்று சொல்ல 1866இல் கொண்டுவந்த சட்டம். அதை வைத்தே அந்த மக்களின் பேத்திகளுக்குப் போன உதவியை நிறுத்தியதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

'அவர்கள் பணம்' என்பதை நான் முழுக்க ஏற்க மாட்டேன். அறக்கட்டளைக்குள் போகும் பணத்துக்கு வரிவிலக்கு உண்டு. அரசுக்கு வந்திருக்க வேண்டிய ஒரு பங்கு அங்கே கிடக்கிறது. அப்படியானால் எல்லாருக்கும் அதில் கொஞ்சம் பேச்சுரிமை வேண்டாமா?

---

இரவுப்பணி

டெட்ராய்ட்டில் மருத்துவராக இருக்கிறேன், டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுசா என்று கேட்டீர்கள். இல்லை அக்கா. என் துறையிலேயே நூறு வருடத்துக்கு மேல் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1910இல் கார்னகி ஆசிரியர் மேம்பாட்டு அறக்கட்டளை ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவரை வைத்து அமெரிக்கா, கனடாவின் எல்லா மருத்துவக் கல்லூரிகளையும் ஆய்வு செய்து ஓர் அறிக்கை போட்டது. அவர் மருத்துவர் இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். ஆய்வகம் இல்லாமல், கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பட்டம் கொடுத்த கல்லூரிகள் அப்போது ஏராளம். அவற்றை மூடியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று நாங்கள் படிக்கும் முறையே அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் கறுப்பினத்தவருக்கு அப்போது இருந்தவை ஏழு கல்லூரிகள். வாஷிங்டனில் ஹோவர்டு, நாஷ்வில்லில் மெஹாரி, இந்த இரண்டு மட்டும் வளர்க்கத் தகுந்தவை என்று எழுதினார். மற்ற ஐந்தும் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூடின. அதில் ராலே நகரத்தில் இருந்த லியனார்டு கல்லூரி நான்காண்டுப் பாடத்திட்டத்தோடு நடந்த இடம். அந்தக் காலத்துத் தெற்கில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவரைச் சேர்க்காது. ஆகவே ஒரு கல்லூரி மூடினால் போக வேறு வாசல் கிடையாது.

அந்த அறிக்கையில் கறுப்பினத்தவர் பற்றி ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. சில பக்கங்கள்தான். கறுப்பின மருத்துவர் தேவை, ஆனால் தம் மக்களுக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுப்பதற்கு, அறுவைச் சிகிச்சை அவருக்கு இரண்டாம் பட்சம். அவர்களிடமிருந்து நோய் பக்கத்து வெள்ளையருக்குத் தொற்றாமல் இருக்க அது அவசியம் என்ற பொருள் வருகிறது. படித்தபோது பாதியில் மூடிவைத்துவிட்டேன். அவர் பிறகு ராக்ஃபெல்லரின் பொதுக் கல்வி வாரியத்தில் சேர்ந்தார். அறிக்கை புகழ்ந்த வகைக் கல்லூரிகளுக்கு அங்கிருந்து பணம் கொட்டியது, ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு 1913இல் 15 லட்சம் டாலர். மெஹாரிக்கும் பின்னாளில் உதவி போனது, அதை மறைக்கவில்லை. ஆனால் எது வாழ வேண்டும், எது சாக வேண்டும் என்று முதலில் முடிவானது ஓர் அறக்கட்டளையின் மேஜையில்.

மூடிய ஐந்தும் தொடர்ந்து நடந்திருந்தால் 2019க்குள் 35,000 பேருக்கு மேல் கூடுதலாக மருத்துவராகியிருப்பார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. என் வார்டில் படுத்திருக்கும் வயதான கறுப்பின அம்மாக்கள், "எங்களை ஒரு கறுப்பு டாக்டர் பார்க்க முடியுமா" என்று மெதுவாகக் கேட்பார்கள். இருக்கும் ஒருவரும் அன்று லீவாக இருப்பார். நானும் 1965 குடியேற்றச் சட்டம் திறந்துவிட்ட கதவு வழியாக வந்தவன்தான். உரிமைப் போராட்டம் நடந்த அதே காற்றில் வந்த சட்டம் அது. அந்த அம்மாக்கள் கேட்கும்போது அதெல்லாம் நினைவுக்கு வரும்.

---

சாலியமங்கலத்தான்

அந்தப் பணம் எப்போதாவது கறுப்பினக் கல்லூரிகள் பக்கம் திரும்பியதா டாக்டர்?

---

இரவுப்பணி

2024 ஆகஸ்டில் புளூம்பெர்க் அறக்கட்டளை, இருக்கும் நான்கு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளுக்கும் சேர்த்து 60 கோடி டாலர் கொடுத்தது. ஹோவர்டு, மெஹாரி, அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் மூன்றுக்கும் தலா 17.5 கோடி, லாஸ் ஏஞ்சலஸின் சார்லஸ் ட்ரூவுக்கு 7.5 கோடி. பெரிய உதவி, நன்றியோடுதான் சொல்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் அதே கை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஒன்றுக்கே 100 கோடி கொடுத்திருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

நூலகத்து மாடிப்படி

டாக்டர் எழுதியது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. அறக்கட்டளைப் பணம் இல்லாமல், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்பு வந்திருக்குமா என்று யோசியுங்கள்.

சார்லஸ் கார்லண்ட் என்ற இளைஞர் அப்பா விட்டுப்போன பத்து லட்சம் டாலர் தனக்கு வேண்டாம் என்று 1922இல் ஒரு நிதியமாக்கிவிட்டார். 1930இல் அந்த நிதியம், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்துக்கு வழக்குகள் நடத்த ஒரு லட்சம் டாலர் ஒதுக்குவதாகச் சொன்னது. பங்குச்சந்தை வீழ்ச்சியால் கைக்கு வந்தது அதில் சிறு பகுதிதான், ஆனாலும் பள்ளிப் பிரிவினையை நீதிமன்றத்தில் எப்படி உடைப்பது என்ற திட்டம் அதிலிருந்து எழுந்தது. சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அதைக் கையிலெடுத்தார், அவருடைய மாணவர் துர்குட் மார்ஷல் முடித்து வைத்தார். தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் வரும் குன்னர் மிர்டாலின் இனப் பிரச்சினை ஆய்வு கார்னகி கழகத்தின் பணத்தில் நடந்தது. அதே குறிப்பில் இருக்கும் கென்னத் கிளார்க், மனைவி மேமியோடு, பிரிவினை குழந்தைகளின் மனதை என்ன செய்கிறது என்று பொம்மைகளை வைத்து ஆய்வு செய்தவர். அவர்களுக்கு ரோசன்வால்ட் நிதியின் உதவித்தொகை இருந்தது.

ஆனால் இதிலும் ஒரு நெருடல் உண்டு. மேகன் மிங் பிரான்சிஸ் என்ற அரசியல் அறிவியலாளர் சொல்வது இது: என்.ஏ.ஏ.சி.பி.க்கு அதுவரை முதல் வேலை கும்பல் கொலைகளை நிறுத்துவது. மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றுகொண்டிருந்த காலம். பணம் கொடுத்தவர்களுக்குக் கல்வி மேல் ஆர்வம், ஆகவே சங்கத்தின் பாதை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது என்கிறார். நான் பாதிதான் ஏற்கிறேன். அந்த நிதியத்தின் குழுவிலேயே என்.ஏ.ஏ.சி.பி.யின் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் உட்கார்ந்திருந்தார், ஆகவே வெளியிலிருந்து திணித்தார்கள் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எந்தக் கோரிக்கைக்குப் பணம் வருகிறதோ அதுதான் 'முக்கியக் கோரிக்கை' ஆகிறது என்பது உண்மை. மற்றவை செத்துப்போவதில்லை, கடைசி வரிசைக்குப் போகின்றன.

இன்னொன்று. அதே கார்னகி கழகம்தான் தென்னாப்பிரிக்காவில் ஏழை வெள்ளையர் பற்றிய ஆய்வுக்கும் பணம் கொடுத்தது, 1932இல் ஐந்து தொகுதிகளாக வந்தது. வறுமையை ஆராய வேண்டியதுதான். ஆனால் ஆராய்ந்தது வெள்ளையர் வறுமையை மட்டும். அதன் தொடர்ச்சியாக 1934இல் கிம்பர்லியில் நடந்த மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வெர்வூர்ட், பின்னாளில் இனப்பாகுபாட்டு ஆட்சியின் பிரதமரானவர். ஒரே உண்டியல். எதை எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது.

---

குளத்தங்கரை

ரோசன்வால்ட் பெயர் வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே காஸ்வில் என்ற இடத்தில் நோபிள் ஹில் பள்ளி இருக்கிறது. 1923இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். போன வருடம் எங்கள் பிள்ளைகள் பதினாலு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். மரக்கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வீடு மாதிரிதான். உள்ளே போனதும் ஜன்னல்களைத்தான் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல், ஒன்றை ஒன்று ஒட்டி, வரிசையாக. மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு வரைந்த பிளான் அது. வெளிச்சம் பிள்ளைகளின் நோட்டில் விழ வேண்டும், எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேல் விழக் கூடாது என்று ஜன்னலின் திசையைக்கூட யோசித்து வரைந்திருக்கிறார்கள். எங்கள் பையன் ஒருவன், எட்டு வயசு, ஜன்னலடியில் பெஞ்சில் உட்கார்ந்து வெறும் மேஜையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பலாம் என்றபோது எழுந்திருக்கவில்லை.

சியர்ஸ் கம்பெனியின் ஜூலியஸ் ரோசன்வால்ட், டஸ்கீகி கல்லூரியை நடத்திய கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து தொடங்கியது. 1932 வரை 15 மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள். 1928 வாக்கில் தெற்கின் கிராமத்துக் கறுப்பினப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் இந்தப் பள்ளிகளில்தான் படித்தார்கள். உரிமைப் போராளி ஜான் லூயிஸ் இப்படி ஒரு பள்ளியில் படித்தவர், எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும்தான்.

எல்லாரும் ரோசன்வால்ட் கட்டிக் கொடுத்தார் என்கிறார்கள். அவர் தரப்பு கொடுத்தது 43 லட்சம் டாலர் அளவில். கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது 47 லட்சம்! ஊர் முதலில் பணமோ நிலமோ மரமோ உழைப்போ போட்டால்தான் மீதி வரும் என்பது நிபந்தனை. குத்தகை விவசாயிகள் வயலில் ஒரு மூலையைப் 'பள்ளிப் பருத்தி' என்று ஒதுக்கி, அதில் விளைந்ததை விற்றுக் கொடுத்தார்கள். அலபாமாவில் ஒரு கூட்டத்தில் அடிமையாகப் பிறந்த முதியவர் ஒருவர், எண்ணெய்ப் பிசுக்கேறிய பையை மேஜையில் கவிழ்த்தார். 38 டாலர், அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது. பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்காவது வழி பிறக்கட்டும் என்று கொடுத்தார்.

அந்தப் பையைப் பற்றிப் படித்த பிறகு 'அவர்கள் பணம்' என்ற பேச்சு எனக்கு உறைக்கவே இல்லை.

---

கணக்குப்பிள்ளை

அக்கா, கணக்கைச் சரியாகவே போடுவோம். அந்த மக்கள் ஏற்கனவே பள்ளி வரியும் கட்டியிருக்கிறார்கள் இல்லையா? அந்த வரி வெள்ளையர் பள்ளிக்குத் திருப்பிவிடப்பட்டது. தங்கள் பிள்ளைக்குப் பள்ளி வேண்டுமென்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை வரி. கட்டிய கட்டடத்தையும் வெள்ளையர் மட்டும் உட்கார்ந்திருந்த பள்ளி வாரியத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதை நான் யோசித்ததில்லை, உங்கள் பதிவைப் படித்த பிறகு தேடிப் படித்தேன். முதலில் எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன், ஆனால் 'பிடிக்காவிட்டால் விண்ணப்பிக்காதீர்கள்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் ஒன்று. தைரியமாக இறங்கிய அறக்கட்டளைக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1966இல் மெக்ஜார்ஜ் பண்டி தலைவராக வந்த பிறகு ஃபோர்டு அறக்கட்டளை இன விஷயத்தில் நேராக இறங்கியது. 1967இல் கிளீவ்லாந்தில் வாக்காளர் பதிவுக்குப் பணம் கொடுத்தது, அதே வருடத் தேர்தலில் கார்ல் ஸ்டோக்ஸ் மேயராக ஜெயித்தார், பெரிய நகரம் ஒன்றுக்கு முதல் கறுப்பின மேயர். நியூயார்க்கின் ஓஷன் ஹில் – பிரவுன்ஸ்வில்லில் பள்ளியைப் பெற்றோரே நடத்தட்டும் என்ற சோதனைக்குக் கை கொடுத்தது. 1968இல் அந்தப் பள்ளிக்குழு சில ஆசிரியர்களை வெளியேறச் சொன்னதும் ஊரே இரண்டுபட்டது. 36 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம், பத்து லட்சம் பிள்ளைகள் வீட்டில். கறுப்பினப் பெற்றோருக்கும் யூத ஆசிரியர்களுக்கும் நடுவில் ஏற்பட்ட காயம் பல வருடம் ஆறவில்லை. அறக்கட்டளை அங்கிருந்து நகர்ந்துவிட்டது, பெற்றோர் அங்கேயே இருந்தார்கள்.

அடுத்த வருடமே நாடாளுமன்றம் 1969 வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலீட்டு வருமானத்துக்கு 4 சதவீத வரி. வாக்காளர் பதிவுக்குப் பணம் கொடுத்தால், வாங்கும் அமைப்பு குறைந்தது ஐந்து மாநிலங்களில் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிறகு யாரும் ஒரு கிளீவ்லாந்தை மட்டும் எடுத்து அப்படிச் செய்ய முடியவில்லை. அந்தப் பயம் இவர்களுக்கு இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

---

தெற்கு வாசல்

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். சொல் மாறுவதைப் பற்றித்தானே அக்கா தொடங்கினார், அதைப் பற்றி ஒன்று.

'பன்முகத்தன்மை', அதாவது 'டைவர்சிட்டி' என்ற சொல்லே ஒரு மாற்றுச் சொல்தான். 1978இல் பாக்கி வழக்கு, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத ஒரு வெள்ளையர் போட்டது. கறுப்பின மாணவர்களுக்கு இடம் ஒதுக்குவதற்குச் சமூகம் செய்த பழைய அநியாயத்தைச் சரிசெய்வது ஒரு காரணமாகுமா என்பது கேள்வி. நான்கு நீதிபதிகள் ஆகும் என்றார்கள். நடுவில் நின்ற பவல் மாட்டேன் என்றார், ஆனால் வகுப்பறையில் பலவகை மாணவர் இருப்பது எல்லாருடைய படிப்புக்கும் நல்லது, அந்தக் காரணத்துக்காக இனத்தை ஒரு அம்சமாகப் பார்க்கலாம் என்றார். அந்த ஒருவரின் கருத்துதான் 45 வருடம் ஆண்டது. கடன் என்று கேட்டவர்களுக்கு அலங்காரம் என்று கொடுத்தார்கள். அதே வழக்கில் நீதிபதி பிளாக்மன், இனவெறியைத் தாண்ட வேண்டுமானால் முதலில் இனத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதினார். எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி அது. அதற்கு முந்தைய வருடம் ஏறக்குறைய அதே சொற்களில் பத்திரிகையில் எழுதியவர் யார் தெரியுமா, கணக்குப்பிள்ளை சொன்ன அதே பண்டிதான், அப்போதும் ஃபோர்டின் தலைவராக இருந்தபடியே.

அதன் பிறகு அறக்கட்டளைகள் 'டைவர்சிட்டி'யைப் பிடித்துக்கொண்டன. எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. ஓலின், பிராட்லி அறக்கட்டளைகள் ஆதரித்த தனிநபர் உரிமை மையம்தான், சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதற்கு எதிரான டெக்சாஸ் சட்டக் கல்லூரி வழக்கை 1996இல் ஜெயித்தது, மிச்சிகனிலும் 2003 வரை போராடியது. ஆக, கறுப்பினப் பிள்ளை கல்லூரிக்குப் போகலாமா என்பதை இரண்டு பக்கத்து அறக்கட்டளைகளும் வக்கீல் வைத்து அடித்துக்கொண்டிருக்கின்றன. 2023 தீர்ப்பு வந்த அன்று எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இனிப்புப் படமாக வந்து விழுந்தது, எனக்கு மனசு கனத்தது. ஆசிய மாணவருக்கு அநியாயம் என்று நம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் அந்த வழக்கை நடத்தினார்கள்.

---

சாலியமங்கலத்தான்

அறக்கட்டளைகளுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லையா?

---

நூலகத்து மாடிப்படி

கேட்டார்கள். 25 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள அறக்கட்டளைகள் தங்கள் போர்டு, ஊழியர், பணம் வாங்கும் அமைப்புகள் ஆகியவற்றின் இன விவரத்தை வெளியிட வேண்டும் என்று கலிபோர்னியாவில் ஒரு மசோதா, 2008இல் கீழவையில் நிறைவேறியது. மேலவைக்குப் போகும் வழியில் பத்து பெரிய அறக்கட்டளைகள், சிறுபான்மையினர் நடத்தும் அமைப்புகளுக்குக் கூடுதலாகச் செய்கிறோம் என்று வாக்குக் கொடுத்தன, மசோதா திரும்பப் பெறப்பட்டது. சட்டமாகியிருந்தால் இன்று நமக்கு ஒரு எண்ணாவது கையில் இருந்திருக்கும். வாக்குறுதியைக் கணக்குப் பார்க்க எந்த அலுவலகமும் இல்லை.

2020லும் அப்படித்தான். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு ஃபோர்டு 100 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. அதையும் சேர்த்து ஐந்து அறக்கட்டளைகள் 170 கோடிக்கு மேல் அறிவித்தன. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஐந்து வருடத்தில் காற்று மாறியதும் குளத்தங்கரைக்கு வந்தது அந்தப் போன்தானே.

---

இரவுப்பணி

அக்கா, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

---

குளத்தங்கரை

நேற்று போர்டு கூட்டம் நடந்தது. நாங்கள் ஏழு பேர், அதில் இரண்டு பேர் பிள்ளைகளின் அம்மாக்கள். ஒருவர் தாதி, சீருடையோடே வந்திருந்தார். விண்ணப்பத்தை வாசித்துக் காட்டினேன், மாற்றச் சொன்ன மூன்று இடத்தையும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "என் மகனுக்கு வாய்ப்பு ஏன் குறைந்தது என்று எழுதாமல் வாய்ப்புக் குறைந்தவன் என்று மட்டும் எழுதினால், அது அவன் மேல் குறை சொல்வது போல இருக்கிறது" என்றார். அதற்கு மேல் விவாதமே தேவைப்படவில்லை. மூன்று இடத்திலும் 'கறுப்பினக் குழந்தைகள்' அப்படியே இருக்கும். கேட்டால் அது இட ஒதுக்கீடு இல்லை, எங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்ற விவரம், எந்தப் பிள்ளை வந்தாலும் சோறு உண்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

பணம் வராமல் போகலாம். 40 சதவீத வரவு அங்கிருந்துதான். அதனால் வராவிட்டால் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று ஒரு கணக்கு போட்டாக வேண்டும், சாப்பாட்டை நிறுத்த மாட்டோம், பாட நாட்களை ஐந்திலிருந்து மூன்றாக்குவதா என்பதுதான் கேள்வி. அம்மாக்கள் இருவரும் வாரம் ஒரு நாள் சமையல் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கணக்குப்பிள்ளைத் தம்பி, உங்களுக்கு இது தொழில் என்று நினைக்கிறேன். வரவு செலவுத் தாளை அனுப்பினால் பார்ப்பீர்களா?

---

கணக்குப்பிள்ளை

அனுப்புங்கள் அக்கா. போன வருடத்து வங்கிக் கணக்கு விவரமும் சேர்த்து அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். ஐந்து நாளை மூன்றாக்கும் முடிவை அதுவரை எடுக்காதீர்கள்.